தரைக்குக் கலப்பத்து

அம்மாவின் வலது காதுத் திருகாணி கழன்று விழுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. முதலில் ‘டிங்’. பிறகு சன்னமாக உருளுகிற ஓசை. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைதான் வயிற்றைக் கலக்கியது. தூத்துக்குடி வீட்டில் திருகாணி விழுந்தால் சிமெண்டுத் தரையில் நாலு குதி குதித்து, பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, மறுநாள் விளக்குமாற்றோடு வெளியே வரும். இங்கே, லண்டன் ஈஸ்ட் ஹாமில், எங்கள் வீட்டு முன்னறையில், இரண்டு பலகைக்கு நடுவே இறங்கி 1903ஆம் வருஷத்துக்குள் போய்விட்டது.

“எல்லாரும் நின்ன எடத்துலயே நில்லுங்க. ஒருத்தரும் அசையப்படாது,” என்றாள் அம்மா. திருகாணி விழுந்த வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் போடப்பட்டுவரும் ஊரடங்கு உத்தரவு அது. நான் ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன். மனைவி கையில் தோசைத் திருப்பியோடு, மகள் வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு. அம்மா தவழ்ந்து வந்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, பலகை இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

“ஏய்யா, இதுக்குக் கீழ என்னதான் இருக்கு?”

எனக்குத் தெரியவில்லை. ஏழு வருஷமாக அந்தத் தரைமேல் நடக்கிறேன், மாதாமாதம் அதற்காக வங்கிக்குப் பணம் கட்டுகிறேன். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

வீடு வாங்கும்போது ஏஜெண்ட் இந்தத் தரையைக் காட்டி “ஒரிஜினல் ஃபீச்சர்” என்றார். லண்டன் வீட்டு வியாபாரத்தில் ஒரிஜினல் என்றால் ‘இதுவரைக்கும் ஒருவரும் சரிசெய்யவில்லை’ என்று அர்த்தம் என்பது எனக்கு அப்போது தெரியாது. வீடு 1903இல் கட்டியது. ஈஸ்ட் ஹாம் டவுன் ஹாலைத் திறந்ததும் அதே வருஷம்தான். அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஒரே தட்டில் வேகவைத்த இட்லி மாதிரி வரிசை வரிசையாக வீடு கட்டித் தள்ளியிருக்கிறார்கள். இந்த வீடுகளின் தரை நம்மூர்த் தரைபோல மண்மேல் உட்கார்ந்திருக்காது. சுவருக்குச் சுவர் சட்டம் போட்டு, அதன் குறுக்கே பலகைகளை ஆணியடித்து வைத்திருப்பார்கள். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஓரடியோ ஒன்றரை அடியோ வெறும் காற்று. அதாவது நாங்கள் ஏழு வருஷமாகப் பரண்மேல் குடியிருந்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பலகைகள் வெளியே தெரிவதற்காகப் போடப்பட்டவையே அல்ல. அந்தக் காலத்துச் சாதாரண வீட்டில் அறையின் நடுவே ஒரு சதுரக் கம்பளம் கிடக்கும். சுவரோரம் மிச்சமாகத் தெரிகிற பலகைக்கு மட்டும் கருஞ்சாயம் அடிப்பார்கள். நாங்கள் குடிவந்தபோது எங்கள் அறையிலும் சுற்றிவர ஒன்றரை அடிக்கு அந்தக் கருப்புக் கரை இருந்தது. கம்பளத்துக்குப் பிறகு லினோலியம் வந்தது, அதற்குப் பிறகு சுவருக்குச் சுவர் கார்ப்பெட் வந்தது. கடைசியில் ஒரு தலைமுறை வந்து எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிட்டு, “அடடே, மரம்!” என்று மேலே வார்னிஷ் பூசியது. சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு உள்பாவாடைக்கு இஸ்திரி போட்ட கதைதான். இதை விருந்தாளிகள் முன்னால் சொல்லக் கூடாது என்று மனைவி தடைவிதித்திருக்கிறாள்.

நாங்களும் அந்தத் தலைமுறைதான். குடிவந்த முதல் வாரமே தேய்க்கிற இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தோம். அதைப் பிடித்துக்கொண்டு போகிறவர் யார், இழுத்துக்கொண்டு போவது எது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அப்படி ஓர் எருமை. கருப்புக் கரையெல்லாம் போய், பலகை தேன் நிறத்தில் மின்னியது. தேய்த்து வந்த மரத்தூளை ஆறு பை நிறையக் கட்டிக் குப்பையில் போட்டோம். பலகை இடுக்கை அடைப்பதற்கு அதே தரையில் தேய்த்த தூளைப் பசையில் குழைப்பதுதான் நிறம் பொருந்துகிற முதல் வழி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வெண்ணெயைத் தெருவில் வீசிவிட்டு நெய்க்கு அலைந்தவன் நான்.

அம்மா ஆறு மாத விசாவில் ஜூலையில் வந்திருந்தாள். அவள் வருகிறவரைக்கும் அந்த இடுக்குகள் எங்களுக்கு அழகாகத்தான் இருந்தன. அம்மா வந்த பிறகுதான் அவை வாய் பிளந்தன. தாளிக்கும்போது தெறித்த கடுகு போனது. பேத்தி காதில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் பூ போனது. உளுந்து புடைக்கிறேன் பேர்வழி என்று முன்னறையில் உட்கார்ந்து கால் கிலோ உளுந்தில் ஒரு பங்கைத் தரைக்குத் தானம் செய்தாள். ஒருநாள் கோலம் போட்டுப் பார்த்தாள். விரலில் விட்ட மாவு வளைந்து வளைந்து போய் இடுக்கு வந்ததும் காணாமல் போனது. அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. “உங்க ஊருல கோலத்துக்குக்கூட பார்டர் செக் இருக்கு போல,” என்றாள் அம்மா. ஹீத்ரோவில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற கோபம் அவளுக்கு இன்னும் தணிந்திருக்கவில்லை.

திருகாணி போன அன்று சாயங்காலம் டேப்பை எடுத்து அளந்தேன். அறை நான்கு மீட்டருக்கு 3.6 மீட்டர். ஒவ்வொரு பலகையும் 18 செண்டிமீட்டர் அகலம். அப்படியானால் இருபது பலகை, பத்தொன்பது இடுக்கு. ஒரு இடுக்குக்கு நான்கு மீட்டர் வீதம் மொத்தம் 76 மீட்டர். சில இடத்தில் இடுக்கு மூன்று மில்லிமீட்டர், சில இடத்தில் பென்சில் நுழையும். சராசரி ஐந்து என்று வைத்துப் பெருக்கினால் 0.38 சதுர மீட்டர் வருகிறது. ஏறக்குறைய இரண்டடிக்கு இரண்டடி. அதாவது முன்னறையின் நடுவில் இரண்டடிச் சதுரத்துக்கு ஓர் ஓட்டை போட்டு, குளிர்காலம் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, கேஸ் பில் ஏன் இவ்வளவு வருகிறது என்று நானும் மனைவியும் மாறி மாறி ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அம்மா இந்தக் கணக்கை நம்பவில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி இடுக்கோரமாகப் பிடித்தாள். புகை நேராக எழும்பி வந்து, ஒரு சாண் உயரத்தில் சட்டென்று மடங்கி, அறைக்குள் ஓடியது. வெளியே லேசான காற்றுதான். அடுத்த இடுக்கிலும் அதேதான். பத்தொன்பது இடுக்கையும் சாமிக்குக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனாள். ஐந்தாவதில் புகை எச்சரிக்கைக் கருவி அலற ஆரம்பித்தது.

மறுநாள் காலை வீட்டு முன்புறச் சுவரைச் சுற்றிப் பார்த்தேன். காற்று எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிட்டது. தரையை ஒட்டி, சுவரில், ஓட்டை ஓட்டையாக இரண்டு செங்கல். இடியாப்ப அச்சைச் சதுரமாகச் செய்தால் எப்படி இருக்கும், அப்படி. பின்பக்கமும் அதே மாதிரி. ஆஹா, 76 மீட்டரை அடைப்பானேன், இந்த நாலு செங்கலை அடைத்தால் போதாதா என்று பழைய தலையணை ஒன்றைக் கிழித்துப் பஞ்சை உள்ளே திணிக்க ஆரம்பித்தேன். மூளை உள்ளவன் மூலத்தில் கை வைப்பான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். எண்பதைத் தொடப்போகிறவர். 1981இல் மூடுகிறவரைக்கும் ராயல் டாக்ஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டின் மூக்கை எதற்காகப் பொத்துகிறாய் என்று கேட்டார். அந்த ஓட்டை வழியாகக் காற்று போய்வந்தால்தான் பலகைக்கு அடியில் ஈரம் தங்காதாம். தங்கினால் ஒரு பூஞ்சை பிடிக்கும். அதன் அறிவியல் பெயர் செர்புலா லாக்ரிமான்ஸ். லாக்ரிமான்ஸ் என்றால் லத்தீனில் கண்ணீர் விடுகிறது என்று பொருள். உண்மையாகவே அதன்மேல் துளித்துளியாகத் தண்ணீர் நிற்கும். அது பிடித்த வீட்டில் முதலில் பூஞ்சை அழும், அப்புறம் வீட்டுக்காரன் அழுவான் என்றார். பஞ்சை ஒரு துணுக்கு விடாமல் வெளியே எடுத்தேன். கீழே காற்று வேண்டும், மேலே காற்று வேண்டாம். நடுவில் இருப்பது பலகை மட்டும்தான். எனவே இடுக்கைத்தான் அடைக்க வேண்டும்.

பெரியவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பலகை இங்கிலாந்து மரமே இல்லையாம். பால்டிக் கடலோரத்துப் பைன். கப்பல் கப்பலாக வந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் சர்ரே டாக்ஸில் இறங்கியது. அங்கே பலகை சுமப்பதற்கென்றே தனியாக ஆட்கள் இருந்தார்கள். தலையும் தோளும் மூடுகிற தோல் தொப்பி போட்டுக்கொண்டு, நீளப் பலகைகளைத் தோளில் தாங்கி ஆடி ஆடி நடப்பார்கள். அவருடைய அப்பா அதில் ஒருவர். “அப்படின்னா உங்க ஐயா தூக்கிட்டு வந்த பலகைமேலதான் நாங்க ஒக்காந்திருக்கோம்னு சொல்லு,” என்று அம்மா தமிழிலேயே அவரிடம் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். அப்பா பிறக்குமுன்பே கட்டிய வீடாயிற்றே இது என்று அவர் சிரித்தார். அம்மா உள்ளே போய், தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த மக்ரூனில் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு ஒரு நாளைக்கு இரண்டுதான் என்று அளந்து கொடுக்கிற மக்ரூன்.

ஆகஸ்டில் வேலையை ஆரம்பித்தேன். கடையில் மரப் பட்டி டப்பா டப்பாவாக இருந்தது. ‘லைட் ஓக்’, ‘மீடியம் ஓக்’, ‘ஆன்டீக் பைன்’. எங்கள் தரை இதில் எதுவுமில்லை. அதன் நிறம் ஆறிப்போன சுக்குக் காப்பி. ஆன்டீக் பைனை வாங்கிவந்து, முட்டிபோட்டு, பட்டிக் கத்தியால் வழித்து வழித்து 76 மீட்டரையும் அடைத்தேன். மூன்று சனி, மூன்று ஞாயிறு. பெயிண்டர்கள் பட்டி பார்க்கும்போது எவ்வளவு லாகவமாகப் பார்ப்பார்கள்! நான் பார்த்தது, பல் இல்லாதவர் பாயசம் குடித்த வாய்போல ஓரமெல்லாம் ஈஷிக்கிடந்தது.

அம்மா சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்காணித்தாள். “என் திருகாணிய உள்ள வச்சா பூசுத?”

“பலகையைப் பேத்தா ஒடஞ்சிரும்மா. நூத்தி இருபது வருஷத்துப் பலகை.”

“அது முக்காக் கிராம் பவுனு.”

இடது காதில் தோடும் திருகாணியும், வலது காதில் ஒரு வேப்பங்குச்சியுமாக அம்மா அன்றிலிருந்து நடமாடினாள். ஈஸ்ட் ஹாமில் வேப்பங்குச்சி எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள். பச்சை மிளகாய் வாங்கப் போன தமிழ்க் கடையில் கேட்டு வாங்கிவந்தாள். காசு கொடுத்தாளா என்பதும் எனக்குத் தெரியாது. வெளியிலிருந்து யாராவது வந்தால் போதும், குச்சி இருக்கிற காதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசுவாள். குற்றப்பத்திரிகை வாசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அக்டோபரில் ஹீட்டர் போட்டோம். அங்கேதான் தரை தன் சுயரூபத்தைக் காட்டியது. மரம் நீளவாக்கில் சுருங்குவது கிடையாது, இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அகலத்தில்தான் சுருங்கும், அகலத்தில்தான் விரியும். (நாற்பது தாண்டிய எங்களுக்கு முதல் பாதி பொருந்தவில்லை.) குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்று காய்ந்துபோகும். பலகையிலிருந்த ஈரத்தை அது உறிஞ்சும். பலகை இளைக்கும், இடுக்கு அகலும். கோடையில் தலைகீழ். நானோ பலகை நன்றாக உப்பியிருந்த ஆகஸ்டில், இடுக்கு ஒடுங்கியிருந்தபோது, அதற்கு அளவெடுத்தாற்போல் பட்டியை அடைத்திருக்கிறேன். நவம்பர் பிறந்ததும் பட்டிக்குப் பக்கத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு விழுந்தது. அப்புறம் நடக்கிறபோதெல்லாம் காலடியில் ‘கறுக்’ ‘கறுக்’ என்றது. வாக்குவம் கிளீனர் ஓடுகிறபோது ஆன்டீக் பைன் முறுக்கு முறுக்காகக் குழாய்க்குள் போகிற சத்தம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா ஏற்றிவைத்த குத்துவிளக்கு தரைக்காற்றில் அணைந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைந்தது. மூன்றாம் முறை ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டு விளக்குக்குப் பக்கத்தில் குறுக்காகப் படுக்கச் சொன்னாள். அரை மணி நேரம் படுத்துக் கிடந்தேன்.

டியூபில் வருகிற சீலண்டையும் ஒரு மூலையில் முயன்று பார்த்தேன். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. காய்வதற்கு முன்னால் மகள் அதன்மேல் நடந்து, படியேறி, தன் அறைக்குப் போய், திரும்பியும் வந்துவிட்டாள்.

அதன் பிறகு ஒரு தச்சரை வரச் சொன்னோம். போலந்துக்காரர், அதுவும் பால்டிக் கடலோரத்துக்காரர். பலகையும் ஆளும் ஒரே ஊர்ப் பக்கம் என்பதால் எனக்கு நம்பிக்கை பிறந்தது. அவர் மண்டியிட்டு, பலகையை விரல் நுனியால் தட்டிப் பார்த்தார். மாமியார் வீட்டுக்குப் போன பெண்ணைப் பல வருஷம் கழித்துப் பார்க்கிற தாய்மாமன்போல அவர் முகம் இருந்தது. முறையான வைத்தியம் இதுதான் என்றார்: இதே வயசுள்ள பழைய பைன் பலகை வாங்கி, ஆப்பு வடிவத்தில் நீள நீளமாகச் சீவி, ஒரு பக்கத்துக்கு மட்டும் பசை தடவி, இடுக்கில் தட்டி இறக்கி, மேலே இழைக்க வேண்டும். ஏன் ஒரு பக்கம் மட்டும்? இரண்டு பக்கமும் ஒட்டினால் பலகைகள் சேர்ந்துபோய், சுருங்கும்போது வேறு எங்காவது பிளக்கும். ஒரு பக்கம் விட்டுவைத்தால் மரம் அதன் இஷ்டத்துக்கு அசையும். அவ்வளவு அழகாகச் சொன்னவர் 76 மீட்டருக்கு ஒரு தொகையும் சொன்னார். அந்தப் பணத்தில் அம்மாவுக்கு இரண்டு காதுக்கும் வைரத்தோடே வாங்கிவிடலாம். அம்மாவிடம் தொகையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். “அதுல பாதிக்கு வாங்கினாக்கூடப் போதும்யா,” என்றாள்.

டிசம்பரில் அம்மா தானே களத்தில் இறங்கினாள். பழைய செய்தித்தாளை ஊறவைத்து, பசையில் குழைத்து அடைப்பதும் இங்கே ஒரு வழி என்று நான் வாய்விட்டிருந்தேன். அதற்கென்று சுவர்த்தாள் ஒட்டுகிற பசைத்தூள் கடையில் கிடைக்கும். “பசைக்கு ஏன் கடைக்குப் போகணும்? மைதா இருக்குல்லா?” தமிழ்க் கடையில் இலவசமாகக் கொடுக்கிற பத்திரிகைகளைக் கிழித்துப் போட்டு, மைதாவைக் காய்ச்சி, கட்டியில்லாமல் கிண்டி, ஒரு வாளி கூழ் தயாரித்தாள். உண்மையிலேயே நன்றாக வந்தது. சாம்பல் நிறத்தில் கெட்டியாக, இடுக்கின் வாய் வரைக்கும் நிரம்பி நின்றது. கூர்ந்து பார்த்தால் ஓரிடத்தில் ‘மணமகன் தேவை’ என்பதில் ‘தேவை’ மட்டும் தெரிந்தது. நாலு நாள் குத்துவிளக்கு அசையாமல் எரிந்தது. அம்மா ஊருக்குப் போன் போட்டு எல்லோரிடமும் சொன்னாள்.

ஐந்தாம் நாள் இரவு எலி வந்தது.

ஊரில் புத்தகம் பைண்டு பண்ணுகிறவர்கள் மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. கடையில் விற்கிற பசைத்தூளிலும் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருக்கும். எங்கள் பசை கலப்படமில்லாத வீட்டுச் சமையல். லண்டன் எலிகள் தலைமுறை தலைமுறையாகப் பரணுக்குக் கீழேயே குடியிருப்பவை. அவை கீழேயிருந்து தின்றுகொண்டே மேலே வந்தன. ராத்திரி பதினோரு மணிக்கு நானும் மனைவியும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து ‘நொறு நொறு’ சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். “அத்தை நல்லாத்தான் காய்ச்சியிருக்காங்க,” என்றாள் மனைவி.

எலிப்பொறி வைக்கப் பலகையைத் திறந்தே ஆக வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தட்டை உளி ஒன்றைக் கொண்டுவந்தார். ஓரமாகக் கொடுத்து, பொறுமையாக, ஓர் ஆணி, அடுத்த ஆணி என்று நெம்பினார். ஆணி சதுரமாக, தலை ஒரு பக்கம் மட்டும் நீண்டு, ‘ட’னா மாதிரி இருந்தது. பலகை உடையவில்லை. நூற்றுச் சொச்சம் வருஷமாக வெளிச்சம் படாத கருந்தூசி மூக்கில் ஏறியது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு டார்ச்சோடு குனிந்தாள். அவளுக்கு எலி ஒரு பொருட்டில்லை.

உள்ளே எங்கள் உளுந்து கிடந்தது. கடுகு கிடந்தது. பிளாஸ்டிக் பூ, லெகோ கட்டை மூன்று, குண்டூசி எண்ண முடியாமல், ஒரு கொண்டை ஊசி, கட்டைப் பென்சில், பிஸ்தாத் தோல், வீடு கட்டியவர்கள் தள்ளிவிட்டுப் போன செங்கல் துண்டு. ஒரு செம்புக் காசு. துடைத்துப் பார்த்தால் அரைப் பென்னி, 1942. ஒரு பக்கம் ராஜா தலை, மறு பக்கம் பாய் விரித்த கப்பல். அந்தக் கப்பல் கோல்டன் ஹைண்ட், டிரேக் உலகத்தைச் சுற்றிவந்தது. 1937இலிருந்து 1967 வரைக்கும் அரைப் பென்னியில் அதைத்தான் அடித்தார்கள் என்று பெரியவர் விளக்கினார். அம்மா காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “தோணி,” என்றாள். அதற்கு மேல் டிரேக்குக்கு மரியாதை கிடைக்கவில்லை.

“ஆச்சி, இங்க!” என்றாள் மகள். சட்டத்தின் ஓரத்தில், தூசிக்குள், மஞ்சளாக ஒரு பொட்டு. அம்மா இரண்டு விரலால் எடுத்தாள், முந்தானையில் துடைத்தாள், வேப்பங்குச்சியை உருவினாள், தோட்டின் தண்டில் வைத்துத் திருகினாள். ஏறவில்லை. இந்தப் பக்கம் திருகினாள், அந்தப் பக்கம் திருகினாள். மரை சேரவில்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள்.

“பவுனுதான். ஆனா என்னுது இல்ல.”

அது வேறு யாருடைய திருகாணியோ. எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு குஜராத்திக் குடும்பம் இருந்தது. அதற்கு முன்னால் யார் என்று எங்களுக்குத் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் இதே அறையில் யாரோ ஒருத்தி எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லியிருக்கிறாள். “எவ தேடித் தேடி அழுதாளோ, சவம்,” என்று அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். தன்னுடையதற்காக இன்னும் இரண்டு பலகையைத் திறக்கச் சொன்னாள். அங்கேயும் இல்லை. பெரியவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

அந்த அரைப் பென்னிக் கப்பல்தான் அம்மாவுக்கு எதையோ கிளப்பிவிட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை காப்பி குடித்துக்கொண்டே, “இது கலப்பத்துல்லா பாக்கணும்,” என்றாள்.

அம்மாவின் அப்பா தூத்துக்குடியில் தோணி கட்டுகிற ஓடாவி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகிற மரத்தோணிகளைக் கரையேற்றி, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சைத் திரித்து இறக்குவதற்குத்தான் கலப்பத்து என்று பெயர். மழுங்கிய உளியை வைத்து மரச் சுத்தியலால் அடிப்பார்கள். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். தோணி தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறி, உப்பி, பஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அம்மா பாவாடை கட்டின வயசில் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோவாளாம். கஞ்சி குடித்து முடிகிறவரைக்கும் தொடைமேல் பஞ்சை உருட்டித் திரி பண்ணிக் கொடுப்பாளாம். “ஒங்க தாத்தா அடிச்சா, நாலு வீட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு காதக் குடுத்தாலே எந்தத் தோணின்னு சொல்லிருவோம்.” ஐந்து மாதமாக என் பட்டியையும் சீலண்டையும் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இதை ஏன் முதலிலேயே சொல்லத் தோன்றவில்லை? “நீதான் படிச்சவன்,” என்றாள்.

தோட்டத்துக்கு விற்கிற சணல் கயிறு நாலு உருண்டை வாங்கிவந்தேன். பளிச்சென்ற வெளிர் நிறம். அம்மா ஆறு கரண்டி டீத்தூளைக் கொதிக்கவைத்து அதில் இரவு முழுக்க ஊறப் போட்டாள். காலையில் எடுத்துக் கொடியில் காயப்போட்டபோது எங்கள் தரையின் நிறம், அப்படியே, ஆறிப்போன சுக்குக் காப்பி. எந்த டப்பாவிலும் இல்லாத நிறம். குங்கிலியம் காய்ச்ச வேண்டும் என்றதற்கு மட்டும் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. கடுகு தாளித்தாலே அலறுகிற கருவி தீயணைப்பு வண்டியைக் கூப்பிடாமல் விடாது.

இடுக்கு ஒடுங்கினால் ஒற்றைப் புரி, அகன்றால் இரண்டு, பென்சில் நுழைகிற இடத்தில் மூன்று. அம்மா தொடைமேல் வைத்து உருட்டி உருட்டிக் கொடுத்தாள். அடிப்பதற்கு உளி? என்னிடமிருந்ததெல்லாம் கூரானவை, கயிற்றை அறுத்தன. அம்மா அடுக்களைக்குப் போய்த் தோசைத் திருப்பியை எடுத்துவந்தாள். சுத்தியலுக்கு மத்து. தோசைத் திருப்பியின் விளிம்பைக் கயிற்றின்மேல் வைத்து, அதன் முதுகில் மத்தால் ஒரு தட்டு, அரை அங்குலம் நகர்த்தி இன்னொரு தட்டு. டொக், டொக், டொக். கயிறு பலகை மட்டத்துக்கு ஒரு நூல் கீழே போய் உட்கார்ந்தது. ஒரு வரிசை முடிந்ததும் ஊதுபத்தியைக் காட்டினாள். புகை வெட்கப்படாமல் நேராகக் கூரைக்குப் போனது.

நாலு நாளில் முடிந்தது. முதல் நாள் நான் தட்டினேன், அம்மா குறை சொன்னாள். இரண்டாம் நாளிலிருந்து அம்மா தட்டினாள், நான் கயிறு எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் வந்து சோபாவில் உட்கார்ந்து மக்ரூன் தின்றபடி பார்த்தார். டாக்ஸில் பழைய மரப் படகுகளுக்கு இப்படித்தான் சணல் நாரைத் தாரில் தோய்த்து அடிப்பார்கள் என்றார். தன்னோடு வேலை பார்த்த யாரையோ நினைத்துக்கொண்ட மாதிரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தோசைத் திருப்பியின் முனை வளைந்துபோய்விட்டது. இப்போது எங்கள் வீட்டுத் தோசைகளுக்கு ஒரு பக்கம் சுருக்கு விழுகிறது.

ஜனவரியில் அம்மா ஊருக்குப் போனாள். அந்த யாருடையதோ திருகாணியை இங்கேயே வைத்துவிட்டுப் போனாள், கேட்டு வந்தால் கொடுக்க. குளிர்காலம் முடிகிறவரைக்கும் குத்துவிளக்கு அசையவில்லை. கேஸ் பில் எவ்வளவு குறைந்தது என்று மனைவி கேட்டாள். விலை கூடியதில் அது தெரியாமல் போய்விட்டது.

போன ஜூனில் நாலு நாள் நல்ல வெயிலும் புழுக்கமுமாக இருந்தது. பலகை உப்பியது. ஜன்னலோரத்தில் ஒரு முழத்துக்குக் கயிறு பிதுங்கி, மழைக்கு வெளியே வந்த மண்புழு மாதிரி தரைமேல் நெளிந்து கிடந்தது. மகள் அதைப் பிடித்து இழுக்கப் போக, நான் கத்த, மனைவி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். திரையில் அம்மா தெரிந்தாள். முதலில் நெற்றி, அப்புறம் மின்விசிறி, அப்புறம் காது. காதில் வேப்பங்குச்சி அப்படியே இருந்தது.

“கலப்பத்துன்னா வருசாவருசம் பாக்கத்தான் வேணும்,” என்றாள். “தோணியக் கரையேத்திப் பாக்காண்டாமா? அதுக்குப் போய் என்னத்த பதறுத? தோசைத் திருப்பிய எடு.”

எடுத்துவந்து முட்டிபோட்டேன். பிதுங்கின இடத்தை அம்மாவுக்குக் காட்டுவதற்காக மகள் போனைத் தரைப்பக்கம் பிடித்தாள். கயிறு இல்லாத அந்த ஒரு முழ இடுக்கு மட்டும் கருப்பாகத் திறந்திருந்தது. நான் தோசைத் திருப்பியை வைத்து மத்தை ஓங்கினேன்.

“செத்த நில்லு, அடைக்காத,” என்றாள் அம்மா போனுக்குள்ளிருந்து. “ஏட்டி, இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோ. லைட்டப் போடு. உள்ள ஏதும் மினுங்குதான்னு பாப்போம்.”